எண் 317: மூச்சு வளையம்

கத்தரிக்கோல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இறந்துபோன மாமனாரின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டியிருந்த அட்டையை மருமகள் நகத்தால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை நூல், இறுகிப்போன முடிச்சு. பக்கத்தில் நாத்தனார் கத்தரிக்கோலோடு நின்றாள்.

"வெட்டிப் போடுங்க அண்ணி. ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க."

"இரு, வந்துடும்."

மாமா சட்டைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். நூலை வெட்டுகிறவன் ஸ்டோருக்கு லாயக்கில்லை என்பது அவர் கட்சி. அவிழ்த்த நூலால் இன்னொன்றைக் கட்டலாம். வெட்டிய நூல் குப்பைக்குத்தான். சீட்டு இல்லாமல் ஒரு பொருள் உள்ளேயும் வரக் கூடாது, வெளியேயும் போகக் கூடாது என்பது அடுத்த சட்டம். இன்று அவரே சீட்டோடுதான் வந்து சேர்ந்திருந்தார். முடிச்சு ஒருவழியாக அவிழ்ந்தது. அட்டையையும் நூலையும் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பதினோரு மாதமாக அவளுக்கு விட்டு விட்டுத்தான் தூக்கம். மருந்து, வெந்நீர், துணி மாற்றுவது, மறுபடி மருந்து. இப்போது அழுவாள் இப்போது அழுவாள் என்று வந்தவர்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவளுக்கோ எங்காவது சுவரில் சாய்ந்தால் போதும் என்று இருந்தது.

சாயலாம் என்றால், கூடத்தின் நீளச் சுவரைப் பாதிக்குமேல் காஜா மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. சட்டையின் பொத்தான் துளைக்கு ஓரம் தைக்கிற பழைய இயந்திரம். தொழிற்சாலை புதியது வாங்கியபோது பழையதை மாமா கெஞ்சிக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். வந்த நாளிலிருந்து அது ஒரு காஜா எடுத்ததில்லை. காலையில் அவள் கணவனும் இன்னும் மூன்று பேரும் அதை நகர்த்திப் பார்த்தார்கள். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். "நாளைக்கே பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிட்டேன்" என்று கணவன் கையைத் துடைத்துக்கொண்டான். கடைசியில் மாமாவை அதன் பக்கத்திலேயே கிடத்தினார்கள்.

பாகங்களைப் பேர் சொல்லி, எண் சொல்லி எடுத்துக் கொடுத்தே ஆயுளைக் கழித்த மனுஷனுக்கு, எந்தப் பாகம் எங்கே போகும் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. தெரிந்தவன்தானே யோசித்துப் பேச வேண்டும். அவருக்கு அந்தத் தொந்தரவு இல்லை. "இந்த ரகத்துல உலகத்துலயே மூணுதான். ஒண்ணு கப்பலோட முழுகிடுச்சு. இன்னொண்ணு யார்கிட்ட இருக்குன்னு சொல்லக் கூடாது" என்றுதான் ஆரம்பிப்பார். இது கொட்டாவி லீவர், மெஷினுக்கு அலுத்துப்போனால் தானாகத் திறக்கும். இது மாமியார் ஊசி, தானும் தைக்காது, பக்கத்து ஊசியையும் தைக்க விடாது. இது சம்பந்தித் திருகு, வருஷத்துக்கு ஒரு தரம் தொட்டால் போதும், அடிக்கடி தொட்டால் கெட்டுவிடும். முகத்தில் ஒரு கோடு அசையாது. கேட்பவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் பயபக்தியாகத் தலையாட்டுவார்கள். அடுப்படியில் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

அவர் படுத்த பிறகு அதுவே இரண்டு பேருக்கும் பொழுதுபோக்காகிவிட்டது. மதியம் மூன்று மணி மருந்தை விழுங்கியதும், "இன்னைக்கு என்ன பார்ட்மா வந்திருக்கு?" என்பார். அவள் ஒரு பெயரைப் புளுகுவாள், அவர் அதற்கு ஓர் எண் போடுவார். இனி இந்த வீட்டில் மூன்று மணிக்கு அவளோடு சிரிக்க ஆளில்லை. சாவு வீட்டில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பதினொரு மணி சுமாருக்குக் கடைசல்காரர் வந்தார். தெருக்கோடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். வாரம் தவறாமல் வந்து மாமா சொல்வதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போவார். ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. மாமாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவளிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பித்தளை வளையம், உள்பக்கம் பொடிப் பொடியாகப் பல் வைத்தது.

"முந்நூத்திப் பதினேழும்மா" என்றார்.

அவளுக்குத் திக்கென்றது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள், மெஷினின் வலது பக்கம் இருக்கும் ஓட்டையைக் காட்டி, "இங்க என்ன இருக்கணும்?" என்று கேட்டவர் இவர்தான். மாமாவுக்கு அன்று பேச முடியாமல் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள்தான் கதவடியில் நின்று, "அது மூச்சு வளையம்ங்க. ஒரு காஜாவுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நூல் மூச்சு வாங்கிக்கும். கழண்டு விழுந்துடுச்சு" என்றாள். மாமாவின் கண் அவள் பக்கம் திரும்பிப் பளிச்சென்றது. இரண்டு மூச்சுக்கு ஒரு வார்த்தையாக, "முந்நூத்திப் பதினேழு... மூணு விரலு அகலம்... உள்ள ஏழு பல்லு... கெடைக்காது" என்று முடித்துவைத்தார். கடைசல்காரர் எழுதிக்கொண்டார். மற்ற புளுகெல்லாம் மாமாவுடையது, இது அவளுடையது.

"மூணு தடவை கெட்டுப்போச்சும்மா" என்றார் கடைசல்காரர். "ஆறுன்னா பிரிச்சுடலாம், எட்டுன்னாலும் பிரிச்சுடலாம். வட்டத்தை ஏழாச் சமமாப் பிரிக்கறது லேசுல்ல. நேத்து ராத்திரிதான் சரியா வந்துச்சு." கொஞ்சம் தயங்கினார். "அவரு இங்க இருக்கும்போதே போட்டுப் பாத்துடலாமா?"

கூடம் முழுக்க அவர்கள் பக்கம் திரும்பியது. கணவன் சலிப்போடு எழுந்து வந்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அப்பா சும்மா வெளையாட்டுக்குச் சொல்றது. அப்படி ஒரு..."

"ஏங்க" என்று குறுக்கே விழுந்தாள் மருமகள். "வண்டி நாலு மணிக்குத்தானே? போன் பண்ணிக் கேட்டீங்களா?"

அவன் அவளைப் பார்த்தான், வளையத்தைப் பார்த்தான், போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அவள் வளையத்தை வாங்கிக்கொண்டு மெஷினுக்கு முன் குந்தினாள். மாமாவை இத்தனை பேர் நடுவில் பொய்யராக்கி அனுப்பக் கூடாது. ஒரு சொல்லை நம்பி மூன்று மாதம் உழைத்தவரையும் முட்டாளாக்கி அனுப்பக் கூடாது. இரண்டும் அவள் விரலில் இருந்தது.

அந்த வலது பக்கத்து ஓட்டை, எப்போதோ மோட்டாரைக் கழற்றியபோது விட்டுப்போன வெறும் ஓட்டை. வளையத்தை நேராக வைத்தாள், சாய்த்து வைத்தாள், திருப்பி வைத்தாள். ஓட்டையைவிட வளையம் அரை விரல் பெரிசு. எந்தச் சாமர்த்தியமும் பலிக்காது.

"போகலையாம்மா?" என்றார் கடைசல்காரர்.

அவள் திரும்பி மாமாவைப் பார்த்தாள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அவளும் தன் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"எப்படிங்க ஒடனே போகும்? புது பார்ட்டாச்சே. மொதல்ல சீட்டு போடணும். அப்புறம் மூணு நாள் மெஷின் பக்கத்துலயே சும்மா வச்சிருக்கணும். பழைய இரும்பு அதுக்குப் பழகணும். அவசரப்பட்டு நொழைச்சா, நூலுக்கு மூச்சு அடைச்சுக்கும்."

குரல் அவளுடையதுதான், ஆனால் நிறுத்தி நிறுத்திப் பேசிய விதம் அவளுடையது இல்லை. நாத்தனார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கடைசல்காரர் ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் பட்டறையில் நின்றவர். ஓட்டைக்கும் வளையத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்தக் கண்ணுக்கு அளவுகோல் வேண்டாம். பிறகு நோட்டை எடுத்தார்.

"மூணு நாளா, நாலு நாளாம்மா?"

"மூணு."

எழுதிக்கொண்டார். "அப்ப மூணு நாள் கழிச்சு வர்றேன். மதியமா வரட்டுமா? மூணு மணிக்குத்தான் அவரு நல்லாப் பேசுவாரு."

"வாங்க" என்றாள். அவர் மாமாவின் பக்கம் போய்க் காலைத் தொட்டுவிட்டு, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. மாமாவைத் தூக்கினார்கள். மெஷின் இடித்துக்கொண்டு நின்றதால் வாசல் பக்கம் ஒருக்களித்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. கணவன் வியர்வையோடு திரும்பி, "நாளைக்கு மொத வேலையா இதை வெளிய அனுப்பறேன் பாரு" என்றான்.

"சீட்டு இல்லாம எதுவும் வெளிய போகாது" என்றாள் அவள்.

"எந்தச் சீட்டு?"

"நான் போடணும். நான் போடலை."

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டான்.

வண்டியின் சத்தம் தெருமுனையில் திரும்பி ஓய்ந்தது. வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் இடுப்பிலிருந்த அட்டையை எடுத்தாள். முன்பக்கம் மாமாவின் பெயர், வயது, கட்டில் எண். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவைத் தேடி எடுத்து அதில் எழுதினாள்: எண் 317. மூச்சு வளையம். பித்தளை. பல் ஏழு. வரவு ஒன்று. எங்கே பொருந்தும் என்று எழுதி, எதிரே காலியாக விட்டாள். பெற்றுக்கொண்டவர் என்று எழுதி, எதிரே தன் கையெழுத்தைப் போட்டாள்.

பிறகு அந்த வெள்ளை நூலையே நீவி நிமிர்த்தி, வளையத்தையும் அட்டையையும் சேர்த்து மெஷினின் கழுத்தில் கட்டினாள். பிறகு எப்போதாவது அவிழ்க்க வேண்டியிருக்கலாம் என்று, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாமாவின் முடிச்சையே போட்டாள்.