நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு கருத்து

1.

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. தொலைக்காட்சி நிலையத்தில் நேயர் கருத்துகளைப் படித்து வாரம் ஒரு பக்கமாகச் சுருக்கிக் கொடுத்துவந்த ஒருத்தி, ஓய்வு பெற்ற பிறகு மருந்துக்கடை வரிசையில் நின்றபடி எனக்குச் சொன்னது. அவள் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கு நான்கு மாதமாகிறது.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள் இரண்டு:

“அன்று காலையிலிருந்தே மழை. குடையை மறந்துவிட்டு வந்த அவள்…” (மழை பெய்யவில்லை.)

“நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.” (நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் சந்தேகமாகவும் இருக்கிறது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2.

நிலையத்தில் எல்லோருக்கும் அவள் கடுதாசியக்கா. கருத்துகள் கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் மாறிப்போன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. (நேரில் ‘நீங்க’ என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆக்கிவிட்டேன். எங்கள் தொழிலில் இந்த மரியாதைக்குறைவுக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.)

அப்போது எங்கள் நிலையத்தில் வியாழக்கிழமைதோறும் ஒரு நகைச்சுவைத் தொடர் ஓடியது. ஒரு திரைப்படத்திலிருந்து எடுத்தது. படத்தில் ஒரு கணவன், கோபம் வந்தால் மனைவியை வெளியே தள்ளிக் கதவைத் தாழ்போடுவான். மூன்றாவது முறை அவன் திறக்கும்போது வாசலில் அவள் இருக்கமாட்டாள். படம் அத்தோடு முடிந்துவிடும்.

தொடருக்கு அப்படி முடிந்தால் கட்டுப்படியாகுமா? வாராவாரம் அவள் வாசலில் நின்றாக வேண்டும். அதனால் தாழ்போட்டதும் ஜன்னல் வழியாக அவள் வேடிக்கையாக ஒரு வசனம் சொல்வாள். பதிவு செய்துவைத்த சிரிப்பொலி எழும். கதவு திறக்கும். அந்த வசனங்களை எழுதியவன் நான்.

கருத்துகள் வந்து குவிந்தன. “படத்துல அழவச்சீங்க, இதுல சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது.” “வீட்டுக்காரரா வர்றவருக்கு அந்த மீசை ஒட்டவே இல்ல.” “நாங்களும் இப்ப வீட்ல கதவச் சாத்தி விளையாடுறோம்.” இந்த மூன்றில் கடைசியாக உள்ளதை எனக்கும் படித்துக்காட்டினார்கள். தொடர் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

3.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தவை நானூற்றுப் பன்னிரண்டு. அதில் ஒன்று மட்டும் கோடு போட்ட தாளில் கையால் எழுதிய கடிதம். பெயர் இல்லை. ஒரு தையல் கடையின் முகவரி இருந்தது.

“ஐயா, படத்தை நான் என் வீட்டுக்காரரோடு தியேட்டரில் பார்த்தேன். கதவைச் சாத்தும்போது அங்கே யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் அவர் தாழ்ப்பாளைத் தொடவில்லை. இப்போது உங்கள் தொடரைப் பார்த்துச் சிரிக்கிறார். போன வாரம் என்னை வெளியே விட்டுவிட்டு, ஏதாவது வேடிக்கையாகச் சொல்லு, திறக்கிறேன் என்றார். எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. அந்த அம்மாவுக்கு யார் எழுதித் தருகிறார்கள்?”

ஒரே கருத்தைப் பத்துப் பேராவது சொன்னால்தான் அறிக்கையில் சேர்க்கலாம் என்பது நிலையத்தின் விதி. கடுதாசியக்கா பத்தொன்பது வருஷத்தில் அந்த விதியை மீறியதே இல்லை. அன்று அறிக்கையின் முதல் வரியாக இப்படித் தட்டச்சு செய்தாள்: “பல நேயர்கள் கதவுக் காட்சியை ரசிக்கவில்லை. படத்தில் வருவதுபோலவே மனைவி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்கிறார்கள்.”

(இந்த இடத்தில் என் பாத்திரத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. காரணம் வேண்டுமே என்று அவளுக்கும் ஒரு முரட்டுக் கணவனை எழுதிப் பார்த்தேன். கோடு போட்டு அடித்துவிட்டேன். அவளுடைய கணவர் சாது, ரேடியோ சத்தத்தைக்கூடக் கூட்டி வைக்காத மனுஷர். அவளிடமே கேட்டேன்.

“ஏன்க்கா அப்படிப் போட்டீங்க?”

“அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டிருந்தாளே. யாராவது பதில் சொல்லணும்ல.”)

4.

அறிக்கையைப் பார்த்ததும் தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். “பல பேர் சொல்றாங்களாம். கெளப்பி விட்ருங்க.” எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை அவன் கதவைத் திறந்தபோது வாசல் காலியாக இருந்தது. பெட்டியோடு அவள் தெருவில் நடந்துபோனாள். வசனமும் இல்லை, சிரிப்பொலியும் இல்லை.

மறுநாள் ஆயிரத்துச் சொச்சம் பேர் திட்டினார்கள். நாலே வாரத்தில் தொடரை நிறுத்திவிட்டார்கள்.

மனைவியாக நடித்தவர் நேயர் பிரிவுக்கு வந்தார். ஒற்றை நாற்காலி போட்ட, ஜன்னல் இல்லாத அறை. நின்றபடியே கேட்டார்.

“அந்தப் பல பேரோட கடுதாசியக் கொஞ்சம் காட்டுங்கக்கா.”

கடுதாசியக்கா இழுப்பறையிலிருந்து அந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

“மத்ததெல்லாம்?”

“மத்தது இல்லம்மா.”

நடிகை இரண்டு முறை படித்தார்.

“ஏழு வருஷம் கழிச்சு எனக்குக் கெடச்ச வேஷம் இது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

நடிகை தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

“அந்த வசனத்தையெல்லாம் வீட்ல கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாப்பேன். ஒரு தடவகூட எனக்குச் சிரிப்பு வந்ததில்ல. எழுதினவர்கிட்டயே கேட்டுடலாமான்னு இருந்துச்சு. கேக்கல.”

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். யாரிடமும் போட்டுக்கொடுக்கவில்லை. அக்காவிடம் அதன் பிறகு பேசவுமில்லை.

கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? “சிரிக்கறதுக்குத்தான் மெஷின் இருக்கே. நீங்க சும்மா சொல்லுங்க, போதும்.” இதைத்தான் சொல்லியிருப்பேன்.

5.

முடிவு.

(அ) தையல் கடைப் பெண்ணும் பெட்டியோடு கிளம்பிவிடுகிறாள். எழுதினேன். பளபளவென்று இருந்தது. கிழித்துவிட்டேன்.

(ஆ) கணவன் மனம் திருந்தி, தாழ்ப்பாளையே கழற்றி… இதை முடிக்கக்கூட இல்லை.

நடந்தது இதுதான். தொடர் நின்று இரண்டு மாதம் கழித்து அதே கையெழுத்தில் இன்னொரு கடிதம் வந்தது. “அவர் தாழ்ப்பாளைத் தொடுவதில்லை என்று எழுத ஆசை. அப்படி எழுத முடியாது. ஆனால் வேடிக்கையாகச் சொல்லச் சொல்வதில்லை. அந்த அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போனார்? அதை நீங்கள் காட்டவே இல்லையே.”

இதைச் சொல்லிவிட்டுக் கடுதாசியக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்கதானே எழுதினீங்க. எங்க போனா?”

நான் அதை யோசித்ததே இல்லை. தெருமுனை வரைக்கும்தான் எழுதியிருந்தேன்.

இந்த நான்கு மாதமாக யோசிக்கிறேன். தங்கை வீடு: தங்கை புருஷன் ஒரு வாரத்துக்கு மேல் முகம் கொடுக்கமாட்டார். மகளிர் விடுதி: இடம் இல்லை, பெயரை எழுதிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். அம்மா வீடு: மறுநாளே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். எங்கே அனுப்பினாலும் திரும்ப அந்த வாசலுக்கே…

என்னால் முடியவில்லை. அவள் தைரியமாகப் போய்ச் சேரக்கூடிய ஓர் இடம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்னைக் கேளுங்கள், தையல் கடையின் முகவரி தருகிறேன். நேராக அங்கேயே எழுதிவிடுங்கள். கதையாக வேண்டாம். தெருப் பெயரும் கதவு எண்ணும் போட்டு எழுதுங்கள்.