கட்டாத கூடாரம்

கடற்படைக் கப்பல்துறையின் ஹெலிகாப்டர் தளத்தில் கொடி காட்டுகிற வேலை வெரோனிக்காவுக்கு. பச்சை தூக்கினால் இறங்கலாம், சிவப்பென்றால் கூடாது. தளத்தின் ஓரத்தில் மேற்பார்வையாளர் புவனேஸ்வரன் போட வைத்திருந்த வரவேற்புக் கூடாரத்தைப் பார்த்தாள். ஒரு காலில்கூடக் கயிறு இல்லை. இந்த ஆள் திருந்தவே மாட்டான்!

போன வருஷம் இவன் கட்டாமல் விட்ட தகரம்தான் ஹெலிகாப்டர் காற்றில் பறந்து அங்கேயே வேலை செய்த அவள் புருஷன் லாரன்ஸின் கண்ணைப் பறித்தது. தளத்தருகே எது கட்டாமல் கிடந்தாலும் பொறுப்பானவர் ரேடியோவில் தன் பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும், துறை முழுக்கக் கேட்கும். அங்கே அதுதான் வழக்கம். அன்று லாரன்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தான். புவனேஸ்வரன் வாய் கூசாமல் லாரன்ஸ் பெயரைச் சொன்னான். கண்ணும் போய் வேலையும் போய், கவனமில்லாதவன் என்ற பேரோடு சுங்கை பினாங் அடுக்குமாடியில் முடங்கிக் கிடக்கிறான் மனுஷன். அந்தப் பேரைத் துடைக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

புவனேஸ்வரனுக்கு விருது கொடுக்கப் பெரிய அதிகாரி ஹெலிகாப்டரில் வந்தார். வெரோனிக்கா சிவப்பைத் தூக்கினாள். ஹெலிகாப்டர் விலகிக் கடல்மேல் வட்டமடித்தது.

"பைத்தியமா உனக்கு? பச்சையக் காட்டு லா!" புவனேஸ்வரன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"கூடாரத்தக் கட்டல அண்ணே."

"கூடாரக்காரன் குகன் பேரச் சொல்லிடு. அவன் தப்புதான்."

அட பாவி! மறுபடியும் அடுத்தவன் தலையிலா? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாக்கி டாக்கியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"குகன் கயிறு கேட்டப்ப, நேரமில்லன்னு வெரட்டுனது நீங்க. ஒங்க பேரச் சொல்லுங்க. அந்தத் தகரம் யாரு பொறுப்புன்னும் சொல்லுங்க."

என்ன காரணம் என்று விமானி மலாயில் கேட்டான். எண்ணெய் குறைகிறது, இனிக் காத்திருக்க முடியாது என்றான். புவனேஸ்வரன் வானத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தினான்.

"புவனேஸ்வரன் பேசறேன். கூடாரம் என் பொறுப்பு. போன வருஷம் அந்தத் தகரமும்... என் பொறுப்புதான். லாரன்ஸ் மேல தப்பில்ல."

கப்பலடியில் வெல்டிங் வேலை நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லிட்டேன்ல? பச்சையத் தூக்கும்மா!" கிட்டத்தட்ட அழுதான்.

"இன்னும் கட்டலயே அண்ணே."

அவன் கயிறு தேடி ஓடினான். விருதையும் அதிகாரியையும் சுமந்துகொண்டு ஹெலிகாப்டர் வந்த வழியே போய்விட்டது. வெரோனிக்காவுக்கு வயிறு குளிர்ந்தது.