விக்டர் வாத்தியாரின் நாக்கு

சாந்தோம் விக்டர் வாத்தியாரைக் கஞ்சன் என்று சொல்லலாம், முன்கோபி என்று சொல்லலாம், வழுக்கையைக் கேலி செய்யலாம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். ஆனால் அவருடைய நாக்கு செத்துப்போய்விட்டது என்று சொன்னால் எப்படிப் பொறுப்பார்? அதைத்தான் சொன்னார்கள். வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம், சாந்தோம் கடற்கரை மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்கள்.

சொன்னவர்களும் அந்நியர்கள் இல்லை. ஒருவர் மயிலாப்பூர் பஞ்சாபகேசன், கோட்டையில் குமாஸ்தா. இன்னொருவர் ராஜரத்தினம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை போட்டவர். டிராமில் ஒரு நாள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஓட்டலில் வடை மொறுமொறுப்பு என்று பேச ஆரம்பித்து, பேச்சு முடியாமல் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டார்கள் மூன்று பேரும். அன்றிலிருந்து சிநேகிதம். உலகத்தில் சண்டை நடந்தது, குண்டு விழும் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது, திரும்பி வந்தது, அரிசிக்கு ரேஷன் வந்தது. இவர்களுக்குப் பேச்சு மட்டும் மாறவில்லை. அடையாற்றில் புதிதாகத் திறந்த கடையில் காபி எப்படி, பாண்டி பஜாரில் போண்டாவுக்கு எந்த எண்ணெய், இதுதான் பேச்சு.

சனிக்கிழமை டிபனுக்கு மட்டும் ஒரே இடம். லஸ்ஸில் இருந்த சீதாபதி காபி கிளப். அங்கே வாசல்வரை மூவரும் ஒன்றாகப் போவார்கள். வாசலைத் தாண்டியதும் பஞ்சாபகேசன், "பிராமணாளுக்கு மட்டும்" என்று பலகை தொங்கிய உள்கூடத்துக்குப் போய்விடுவார். விக்டரும் ராஜரத்தினமும் வெளிக்கூடத்தில் உட்காருவார்கள். சாப்பிட்டு முடித்து மூவரும் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு, கடற்கரைக்கு நடந்து, தின்றதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுவார்கள். பட்டணத்தில் எந்த ஓட்டலிலும் அப்படித்தானே என்று விட்டுவிட்டார்கள். குடையை வாசலில் வைத்துவிட்டுப் போவது மாதிரி, சிநேகிதத்தையும் அரைமணி நேரம் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

சீதாபதி கிளப்பின் சாம்பாருக்கு அப்போதெல்லாம் மூன்று பேரும் ஒரே வாக்கு. இட்லி சுமாராக இருந்தாலும் அந்தச் சாம்பாரில் மூழ்கினால் மோட்சம்தான் என்பார் விக்டர்.

பிறகு விக்டருக்கு டைபாய்டு வந்தது. பிழைத்ததே மாதாவின் புண்ணியம் என்றாள் மனைவி ஃப்ளோரா. எலும்பும் தோலுமாக எழுந்து, தெம்பு வந்து, ஆசை ஆசையாக ஒரு சனிக்கிழமை கிளப்புக்குப் போய் இட்லியைச் சாம்பாரில் தோய்த்து வாயில் வைத்தார். புளித்தண்ணீர். பருப்பின் வாசனைகூட இல்லை. பக்கத்து இலையில் ராஜரத்தினம் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது, வெறுந்தண்ணியா கீது" என்றார் விக்டர்.

"காய்ச்ச வாய்க்கு அப்படித்தான் இருக்கும் வாத்தியாரே" என்றார் ராஜரத்தினம்.

மணலில் உட்கார்ந்ததும் பஞ்சாபகேசன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "இன்னிக்கு சாம்பார் அமிர்தம். பருப்பு கிடைக்காத காலத்துல இப்படி ஒருத்தன் பண்றான்னா அவனுக்குக் கோயில் கட்டலாம்."

"ஆமா ஐயரே, அமிர்தந்தான்" என்றார் ராஜரத்தினம்.

விக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர் என்று சொன்னார். இரண்டு பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலேயே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அடுத்த வாரமும் அதே தண்ணீர், அதே அமிர்தம். அதற்கடுத்த வாரமும் அதே கதைதான். விக்டர் சர்வரைக் கூப்பிட்டுச் சொன்னார், சர்வர் காது கேட்காத மாதிரி போனான். முதலில் ஜுரத்தின் மேல் பழி போட்ட பஞ்சாபகேசன், போகப்போக வேறு பக்கம் திரும்பினார்.

"ஓய் வாத்தியார், நான் சொல்றேனேன்னு கோச்சுக்கப்படாது. மீனும் கருவாடும் சாப்பிடற நாக்கு உமக்கு. ஜுரம் வேற வந்து போயிருக்கு. பருப்போட நைஸ் அதுக்கு இனிமே பிடிபடாது."

விக்டருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஜுரத்துக்கு முன்னால் இதே மீன் தின்ற நாக்குதானே அந்தச் சாம்பாரை மோட்சம் என்றது? அப்போது மட்டும் கருவாடு எங்கே போயிருந்தது? கேட்கத்தான் நினைத்தார். ஆனால் கூடவே ஒரு பயம். ஒருவேளை நிஜமாகவே போய்விட்டதோ? ராஜரத்தினம் தம் பக்கத்தில் உட்கார்ந்து, தாம் தின்றதையே தின்றுவிட்டு அமிர்தம் என்கிறாரே, அவர் ஏன் பொய் சொல்லப் போகிறார்?

வீட்டில் ஃப்ளோரா என்ன வைத்தாலும், வாயில் போட்டுவிட்டு, "புளி கொஞ்சம் தூக்கலா? உப்பு சரியா கீதா?" என்று அவளையே கேட்க ஆரம்பித்தார். வஞ்சிரம் வறுத்து வைத்தால் இரண்டு தரம் மோந்து பார்த்தார். மாமியார் வீட்டு விருந்தில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு தாமும் தலையாட்டினார். பட்டணத்து ஓட்டல்களையெல்லாம் நாக்கின் நுனியில் வைத்திருந்த மனுஷன், சொந்த நாக்கை நம்பாமல் ஊரார் முகத்தைப் பார்த்து ருசி தெரிந்துகொள்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

"உங்க நாக்குக்கு ஒண்ணும் இல்ல. நேத்து கொழம்புல வெந்தயம் கருகினத நானே கவனிக்கல, நீங்கதான் சொன்னீங்க" என்றாள் ஃப்ளோரா. அவளுக்குத் தம்மேல் இரக்கம், அதனால் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டார் விக்டர்.

கடைசியில் பஞ்சாபகேசனே பரீட்சை வைத்தார். "இதை இப்படியே விட்டா நமக்குள்ள மனஸ்தாபம்தான் வரும். அடுத்த சனிக்கிழமை நீர் ஒரு பாத்திரத்துல சாம்பார் வாங்கிண்டு வாரும், நான் ஒண்ணுல வாங்கிண்டு வரேன். ராஜரத்தினம் ரெண்டையும் ஊத்திக் குடுப்பார். நீர் கண்ணை மூடிண்டு ருசி பாரும். ஒரே கிளப், ஒரே சாம்பார். நீர் ரெண்டையும் ஒண்ணுன்னு சொன்னா நாக்கு இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு தண்ணி, ஒண்ணு அமிர்தம்னு உளறினா, போச்சுன்னு அர்த்தம். அப்புறம் நம்ம பேச்சுல நீர் ஓட்டல் சமாசாரத்துக்கே வரப்படாது."

விக்டர் ஒப்புக்கொண்டார். வேறு என்ன செய்வார்? அவரவர் எங்கே வாங்க முடியுமோ அங்கேதான் வாங்க வேண்டும், விக்டர் வெளிக்கூடத்தில், பஞ்சாபகேசன் உள்கூடத்தில். அதில் ஒரு சங்கதி இருக்கிறது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நடுவிலிருந்த சுவர் அவ்வளவு பழகிப்போயிருந்தது.

சனிக்கிழமை ஃப்ளோரா புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்த பித்தளைத் தூக்கில் சாம்பார் வாங்கிக்கொண்டு விக்டர் கடற்கரைக்கு வந்தார். பஞ்சாபகேசன் தம் வீட்டு டிபன் காரியரோடு வந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. விக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ராஜரத்தினம் தொன்னைகளில் ஊற்றி, ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

"தண்ணி" என்றார் விக்டர்.

இரண்டாவது தொன்னை வந்தது. வாயில் வைத்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பருப்பு. பெருங்காயம். வறுத்து அரைத்த மல்லி. ஜுரத்துக்கு முன்னால் சாப்பிட்ட அதே சாம்பார். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு, நாக்கு திரும்பி வந்துவிட்டதே என்று.

"இதுதான்யா சாம்பார்" என்றார்.

பஞ்சாபகேசன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டீரா ராஜரத்தினம்? ஒரே பானை, ரெண்டு தீர்ப்பு. போயிடுத்து ஓய், உம்ம நாக்கு போயே போயிடுத்து."

ராஜரத்தினம் சிரிக்கவில்லை. விக்டர் கண்ணைத் திறந்து பார்த்தார். இரண்டு தொன்னைகளும் பக்கத்துப் பக்கத்தில் மணலில் இருந்தன. ஒன்றில் சாம்பார் மஞ்சளாக, கெட்டியாக இருந்தது, கறிவேப்பிலை மிதந்தது. இன்னொன்றில் தொன்னையின் அடி தெரிந்தது. அதைக் காண நாக்கே வேண்டாம், கண் போதும். பஞ்சாபகேசனும் பார்த்தார். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"உள்ள ஒரு பானை, வெளிய ஒரு பானை" என்றார் விக்டர் மெதுவாக. "நான் ஜுரத்துல கெடந்தப்போ பிரிச்சுட்டான்." பிறகு ராஜரத்தினத்தைப் பார்த்தார். "நீ என் பக்கத்து எலைலதான உக்காந்து சாப்ட்ட? இன்னா அமிர்தம் கண்ட?"

ராஜரத்தினம் மணலைக் கிளறினார். "தண்ணின்னுதான் எனக்கும் பட்டுது வாத்தியாரே. ஐயரு அமிர்தம்னு சொல்லும்போது நான் தண்ணின்னு சொன்னா, ஜவுளிக்கடைக்காரனுக்கு என்ன ருசி தெரியும்னு சிரிக்க மாட்டாரா? அதான் ஒத்து ஊதிட்டேன்."

"நன்னாருக்கு போ. இதுக்கா இவ்வளவு" என்று பஞ்சாபகேசன் சமாளித்தார். "நான் முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்றேன். உங்க ரெண்டு பேருக்கும் மட்டும் உள்ளேருந்து கொண்டுவந்து ஊத்தச் சொல்றேன். தீர்ந்துது."

தீர்ந்ததாம். வெளிக்கூடம் முழுக்கத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்க, இவர்கள் இலையில் மட்டும் ஐயர் தயவில் பருப்பு விழுமாம். விக்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தண்ணீர்த் தொன்னையை எடுத்து நீட்டினார்.

"ஐயரே, இத ஒரு வாய் பாருங்க."

பஞ்சாபகேசன் தொன்னையைப் பார்க்கவில்லை. பித்தளைத் தூக்கைப் பார்த்தார். "அது உங்காத்துப் பாத்திரம் இல்லையா ஓய்" என்றார்.

"சமைச்சது உங்க ஆளு. ஊத்துனது உங்க ஆளு. நான் தூக்கினு வந்தேன், அவ்ளோதான். உங்க ஊட்டுக் காரியர்ல வந்தத நான் துண்ணல?"

"தப்பா எடுத்துக்கப்படாது. பழக்கம் அப்படி" என்றார் பஞ்சாபகேசன். கை நீளவில்லை.

விக்டர் தொன்னையைக் கீழே வைத்தார். தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்து லஸ்ஸைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே இருவரும் ஓடி வந்தார்கள், ஏதாவது ரகளை ஆகிவிடுமோ என்ற பயத்தில்.

கிளப்பில் முதலாளி கல்லா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். விக்டர் தூக்கை அவர் முன்னால் வைத்து, மூடியைத் திறந்தார். "இது இன்னா, சாமி?"

முதலாளி எட்டிப் பார்த்தார். மறைக்கக்கூட இல்லை. "பருப்பு கிடைக்கலை சார். இருக்கறதை ரெண்டு கூடத்துக்கும் போட்டா ரெண்டும் கெட்டுப்போயிடும். உள்ளே சாப்பிடறவா கண்டுபிடிச்சுடுவா. வெளியில யாரும் ஒண்ணும் சொல்லலை."

"நான் சொன்னேன். உங்க சர்வர்கிட்ட ஒவ்வொரு வாரமும் சொன்னேன்."

"ஆமாம், சர்வர் வந்து சொன்னான். நானும் விசாரிச்சேனே" என்றார் முதலாளி, தம் பேரில் தப்பில்லை என்கிற குரலில். "நம்ம பஞ்சாபகேசய்யரைத்தான் கேட்டேன். உங்களுக்கு ஜுரம் வந்து நாக்கு போயிடுத்து, பொருட்படுத்த வேண்டாம்னுட்டார்."

வெளிக்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விக்டரும் திரும்பினார். பஞ்சாபகேசன் உள்கூடத்துப் பலகைக்குக் கீழே, டிபன் காரியரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"அவரு உங்க வார்த்தையத்தான் கேட்பாரு போலக் கீது. இப்ப சொல்லுங்க ஐயரே" என்றார் விக்டர். "இத்தினி பேர் இருக்காங்க. வெளிய ஊத்துறது தண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

பஞ்சாபகேசன் முதலாளியைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார், மேஜை மேலிருந்த தூக்கைப் பார்த்தார்.

"ருசி பார்க்காம நான் எப்படி ஓய் சொல்றது?" என்றார்.

"என் நாக்கப் பத்திச் சொன்னீங்களே, அது மட்டும் எப்படிச் சொன்னீங்க?"

பஞ்சாபகேசன் டிபன் காரியரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அப்போது ராஜரத்தினம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வெளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "தண்ணிதான். நான் தின்னுருக்கேன், நான் சொல்லுதேன்" என்றார். மூலையில் ஒருவர், "ஆமாங்க, தண்ணிதான்" என்று இலையை மடித்தார். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

விக்டர் தூக்கை மூடினார். வழக்கமாக வெற்றிலை போட்டுக்கொள்ளும் வாசலில் அவர் நிற்கவில்லை. வீட்டுக்குப் போனதும் ஃப்ளோரா கேட்டாள், "இன்னா ஆச்சு? பாஸா, ஃபெயிலா?"

அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. விக்டர் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உப்பு கம்மி" என்றார்.