சத்தமில்லாத ரிலே

ஒலிப்புத்தகங்களுக்குக் கதை படிப்பதுதான் அவருக்குத் தொழில். தெருவில் எல்லோரும் அவரை வாசகர் என்றே கூப்பிட்டார்கள். படுக்கையறைத் துணி அலமாரிதான் அவருடைய ஸ்டூடியோ. தொங்கும் சட்டைகளுக்கு நடுவே மைக்கை மாட்டி, ஸ்டூலில் குறுகி உட்கார்ந்து படிப்பார்.

பக்கத்து அறையில் மனைவியின் மின்சூளை. அவள் களிமண் கோப்பை செய்து சுடுகிறவள். சூளைக்கு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் பழைய ரிலே பத்து வினாடிக்கு ஒருமுறை 'டக்' என்று அடிக்கும். கதாநாயகன் காதலைச் சொல்ல வாயெடுப்பான், டக். சாகக்கிடப்பவர் கடைசி வார்த்தை சொல்வார், டக். "மன்னிக்கணும், மறுபடியும் எடுக்கலாம்" என்று வாசகர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பப் படிப்பார். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

கடைசியில் மனைவி தன் தங்கையை வரவழைத்தாள். தங்கை எலக்ட்ரீஷியன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புக் கட்டியோடு வந்தாள். சாலிட் ஸ்டேட் ரிலே என்றாள். சத்தமே போடாதாம்.

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறமும் டெஸ்டரால் ஒவ்வொரு வயரையும் தொட்டுப் பார்த்தாள். ரிலே அணைந்திருந்தாலும் அதற்குள் கொஞ்சம் மின்சாரம் கசியும், அதை நம்பிக் கை வைக்கக் கூடாது என்றாள். கட்டியின் அடியில் வெள்ளைப் பசை தடவி, சூடு இறங்க அலுமினியத் தகட்டில் முடுக்கினாள். வாசகர் டார்ச் பிடித்தார். பசையில் கை வைத்துவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

"ஃபேஸ் மட்டும்தான் கட்டியில ஒண்ணாம் முனைக்கும் ரெண்டாம் முனைக்கும் நடுவுல போகணும், அத்தான். நியூட்ரல் நேரா சூளைக்குப் போயிரும். மூணும் நாலும் சின்ன வயருக்கு. மாத்திக் குடுத்தா கட்டி காலி."

வயர் நுனியில் ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் முறுக்கி, ஸ்க்ரூவை இறுக்கி, இழுத்துப் பார்த்து, மூடியைப் போட்டாள். சூளை ஓடியது. சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டியது. வாசகர் வெள்ளை மூக்கோடு அலமாரிக்குள் ஓடினார்.

ஒரு பக்கம் படித்திருப்பார். டக்.

மச்சினி மெயினை அணைத்து, மூடியைக் கழற்றி, எல்லாவற்றையும் சரிபார்த்தாள். ஒரு குறையும் இல்லை. திரும்ப ஓட்டினார்கள். டக். வேலை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே என்று வாசகர் முணுமுணுத்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

"இதுக்குள்ள அசையுற பொருள் ஒண்ணுகூட இல்ல. எதை வச்சு டக்குன்னு அடிக்கும்?"

மெயினை மறுபடி அணைத்தாள். விசிறி நின்றது. மூன்று பேரும் துணி அலமாரி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

டக். டக். அதன் பின்னாலேயே வாசகரின் குரல், "மன்னிக்கணும், மறுபடியும் எடுக்கலாம்."

அக்காவும் தங்கையும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாய் மூடித்தான் இருந்தது.

குரல் அலமாரிக்குப் பின்னாலிருந்த காற்றுத்துளை வழியாக வந்தது. அது கீழ்வீட்டுத் தையல்காரியின் சமையலறைக்கு மேலே திறந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால், அங்கே கூண்டில் ஒரு மைனா. வாசகரைக் கண்டதும் தலையைச் சாய்த்து, "ஆறாம் அத்தியாயம்" என்றது. டக் என்றும் ஒன்று சேர்த்துக்கொண்டது.

வாசகர் மூக்கைத் துடைக்காமலே கோபப்படப் பார்த்தார். எடுபடவில்லை. தையல்காரியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை வந்தீங்க. அந்தக் கொலையப் பண்ணுனது யாருங்க? இது ஆறோட நிறுத்திருச்சு. எனக்குத் தையல்ல மனசே ஓட மாட்டேங்குது."

மருத்துவர்தான் கொலைகாரர் என்று வாசகர் சொன்னார். தான் பக்கத்துவீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டதாக அவள் வருத்தப்பட்டாள். மச்சினியிடம் வாசகர் படியேறும்போதே மன்னிப்புக் கேட்டார். அவள் இன்னொரு தடவை கேட்க வைத்தாள்.

இப்போது வீட்டில் மைனா எட்டாத அறை ஒன்றுதான், தெருப்பக்கம் இருக்கும் சூளை அறை. சூளையைச் சுற்றி மச்சினி தரையில் கிழித்த கோட்டைத் தாண்டாமல், சட்டையைக் கழற்றிப் போட்டு, துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வாசகர் அங்கே படிக்கிறார். முதலில் முடித்தது பனிமலை ஏறுகிறவர்களின் கதை. மேலே போகப் போக மூச்சு வாங்குவதை இவ்வளவு இயல்பாக யாரும் படித்ததில்லை என்று பதிப்பகத்திலிருந்து பாராட்டி எழுதியிருந்தார்கள்.