அரைக் கிண்ணம்

...இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம் என் பெயரை, பரவாயில்லை, அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டதே அது போதும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, தலைகீழ்க் கணக்குகள் பற்றிய பருவ நிகழ்ச்சி, பொறுப்பாளர் ரௌஷான், அல்மாட்டி. எங்கள் ஊர் பெயர், அந்த அல்மாட்டியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இந்தக் கணித நிறுவனத்தில் இதுவரை எந்தப் பருவ நிகழ்ச்சி நடந்தாலும் பொறுப்பாளர் பெயருக்குப் பக்கத்தில் பாரிஸ் இருக்கும், மாஸ்கோ இருக்கும், நாங்கள் விமான நிலையத்துக்குக் கார் அனுப்பிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்போம், இனிமேல் அவர்கள் விண்ணப்பம் போடுவார்கள், நான் பார்ப்பேன், பிடித்தால் கூப்பிடுவேன்... திமிர்தான், இருக்கட்டுமே, ஒரு நாள் திமிராக இருந்தால் குடியா முழுகிப்போகும். மேடையில் இயக்குநர் தொலெகென் ஐயா வரப்போகிறவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், மாணவர்களுக்குக் கோடைப் பள்ளி, முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு ஆய்வு இடங்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அறையும் ஆயாவும், அந்த ஆயா நான் சண்டை போட்டு வாங்கியது, அதைச் சொல்ல மாட்டார், சொன்னால் என்னவாம்.

தலைகீழ்க் கணக்கு என்றால் என்ன என்று நேற்று இரவுச் சாப்பாட்டில் என் கணவர் கேட்டார், கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது மனிதருக்கு. வெளியே கிடைக்கிற சத்தத்தை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, பூமிக்கு மேலே தட்டினால் அடியில் எண்ணெயா பாறையா என்று சொல்வது, என்றேன். "தர்பூசணியத் தட்டிப் பாக்குறதுக்கா நாலு மாசம் ஊரக் கூட்டப் போற?" என்றார், சிரிப்பு வந்தாலும் கோபித்த மாதிரி இருந்தேன், ஆனால் அவர் சொன்னது சரிதான், வெளியே தட்டி உள்ளே கண்டுபிடிப்பதுதான். எத்தனை இடத்தில் தட்ட வேண்டும் என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டு கிடந்தேன், சுற்றிலும் தட்டினால்தான் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன், போன குளிர்காலத்தில் ஒரு காலை சமால் வந்தாள், பூட்ஸில் பனிகூடத் தட்டாமல் நேராகக் கரும்பலகைக்குப் போனாள், ஒரே இடத்தில் தட்டினால் போதும் என்று நிரூபித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், தப்பு கண்டுபிடிங்க என்கிற மாதிரி. நானும் அன்று முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. என்னிடம் முனைவர் பட்டம் செய்த பெண், பார்க்க வயலின் வகுப்புக்குப் போகிறவள் போல இருப்பாள், அவளுடைய அந்த ஒரு நிரூபணம் இல்லாவிட்டால் இந்த நிகழ்ச்சியே கிடையாது, தொடக்க உரை அவளுடையதுதான், அதை விட்டால் செப்டம்பரில் நான் எதைக் காட்டுவேன்.

அதனால்தானே காலையில் படிக்கட்டில் அப்படிப் பேசினேன். சமாலுக்கு ஜெர்மனியில் இரண்டு வருட ஆய்வு இடம் கிடைத்திருக்கிறதாம், அதுவும் செப்டம்பரிலேயே ஆரம்பமாம், இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கட்டிப்பிடித்து வாழ்த்த வேண்டியவள் நான், "தொடக்க உரை உன் பேர்ல போட்டாச்சு, பாத்துக்கோ" என்றேன், என்ன வாய் இது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை அவள், கைப்பிடிச் சுவரையே தடவிக்கொண்டிருந்தாள், பிறகு, "நீங்க என்ன சொல்றீங்களோ அதான்க்கா. போன்னா போறேன், இருன்னா இருக்கேன். டீ நேரத்துல சொல்லிடுங்க" என்றாள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது, இரு என்றுதான் சொல்லப்போகிறேன், டிசம்பர் முடியட்டும், ஜெர்மனி எங்கே ஓடிவிடப் போகிறது, அவளுக்கும் இதுதான் நல்லது... அவளுக்குமா?

யாருடைய நிகழ்ச்சி அறிவிக்கப்படுகிறதோ அவர்தான் அன்றைக்குத் தேநீர் ஊற்ற வேண்டும், எங்கள் நிறுவன வழக்கம். வெந்நீர் கொதிக்கிற சமோவாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பால், டிகாஷன், வெந்நீர், அரைக் கிண்ணம், அடுத்தவர். போன வருடம் வந்த பிரெஞ்சுக்காரர் இந்த அரைக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, பால் தட்டுப்பாடா என்று என்னிடம் தனியாகக் கேட்டார், பாவம். அரையாகக் கொடுத்தால் இன்னும் இரு, திரும்ப வாங்கிக் குடி, பேசு என்று அர்த்தம், விளிம்பு வரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம் என்று விளக்கினேன், அதன்பிறகு அரைக் கிண்ணமாக வாங்கி வாங்கி ஒரு சமோவாரையே காலி செய்தார். தொலெகென் ஐயா கிண்ணத்தோடு நடுவில் நின்று சத்தமாகச் சொல்கிறார், "நம்ம வீட்டுப் பொண்ணு நடத்துற முதல் நிகழ்ச்சி இது. ரௌஷான், இனிமே எங்களையெல்லாம் உன் அறை வாசல்ல காக்க வெச்சுடாதம்மா." சிரிக்கிறார்கள், எனக்குக் காது சூடாகிறது, ஆமாம், நான்தான், நான்தான் நடத்துகிறேன், ஆனால் உரையை அவள்தானே... அந்தக் காலை, கரும்பலகை முன்னால் சாக்பீஸ் தூள் படிந்த கையோடு நின்றாளே, அந்த அறை அவளுக்குக் கொஞ்சம் சின்னதாக இருந்தது அன்றைக்கு, எனக்கு அப்போதே பட்டது, எவ்வளவு பெருமையாக இருந்தது, என் பெயர் பலகையில் ஏறியதைவிட, இதை நான் யாரிடமும் சொன்னதில்லையே. வரிசையில் சமால் வந்து நிற்கிறாள், கிண்ணத்தை நீட்டுகிறேன். அவள் இரண்டு கையாலும் வாங்குகிறாள். வாங்கியவள் நகரவே இல்லை.

குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் பார்க்கிறேன். விளிம்பு வரை நிற்கிறது தேநீர், அசைந்தால் கொட்டிவிடும் போல. வெந்நீர்க் குழாயை யார் இவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தது, நான்தானே, இது என் கைதானே. "சரிக்கா" என்கிறாள் சமால், மெதுவாக, அழுகிறாளா சிரிக்கிறாளா, சந்தோஷமா இல்லை நான் விரட்டிவிட்டேன் என்று நினைக்கிறாளா, வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை, இத்தனை வருடம் இதே கணக்கைப் போட்டும். கை தவறிவிட்டது, அதை இப்படிக் கொடு, கொஞ்சம் கொட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும், செப்டம்பர் எனக்குக் கிடைத்துவிடும்... அடுத்தவர் கிண்ணத்துக்குப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், அதைச் சொல்ல ஏன் எனக்கு வாய் வரவில்லை.