எல்சி கடைந்த வெண்ணெய்

எழுதிப் பழகாத அடியேன் கதை சொல்லத் துணிந்ததைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1951ஆம் ஆண்டு மே மாதம், ராயபுரத்தில் என் தமக்கை எல்சியைப் பெண் பார்க்கப் பெரம்பூரிலிருந்து வரவிருந்தார்கள். பெண் தன் கையால் கடைந்த வெண்ணெயை ரொட்டியில் தடவித் தர வேண்டும் என்பது மாப்பிள்ளையின் தாயாரது விருப்பம். எல்சி விடியலிலிருந்து கடைந்தும், அந்த வெக்கையில் வெண்ணெய் திரளவில்லை. அவள் அழத் தொடங்கினாள்.

"அழுவாத எல்சி. ஐஸ் போட்டா வெண்ணெ இன்னா, உன் மாமியாரே உருண்டு வருவா!" என்று அண்ணன் கஸ்பார் கடற்கரைக்கு ஓடி, மீன்கூடையிலிருந்து ஒரு பனிக்கட்டியைக் கழுவிக் கொண்டுவந்தார்.

வெண்ணெய் திரண்டது. வீட்டில் அனைவரும் கவலையோடு முகர்ந்து பார்த்தோம். குறை ஒன்றும் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் தாயார் ஒரு வாய் கடித்து, ரொட்டியைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா இது? வெண்ணெய வவ்வா மீன்லர்ந்து கடஞ்சியா?"

மீனோடே வாழும் எங்கள் மூக்குகளுக்கு அந்த வாடை எட்டவேயில்லை. வந்தவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்தார்கள்.

இழந்தவை: ஒரு பானைத் தயிர், ஓர் உருண்டை வெண்ணெய், ஒரு ரொட்டி, எல்சிக்கு வந்த சம்பந்தம்.