சுவரில் ஏறிய வெள்ளம்

மேற்கே சாயும் மாசி ஞாயிற்றின் செவ்வொளி, நெல்லியாம்பதி மலையின் நெடுஞ்சரிவுகளில் பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் வழிந்து, முதலமடையின் மாந்தோப்புகளுக்குள் நுழைந்து, இலைக்கொத்துகளினிடையே தொங்கிய காய்களை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பொழுது அது. தோப்புகளுக்கு அப்பால், பாறைகளினிடையே நூலென இளைத்து ஓடிய ஆற்றைக் காண்பவர், இந்த ஆறே முன்னொரு மழைக்காலத்தில் வீடுகளுக்குள் புகுந்து பானைகளையும் பாய்களையும் வாரிச் சென்றது என்றால் நம்பார். கற்றறிந்த நெஞ்சத்தீர்! நம்பாதவரை நம்பச் செய்ய வேண்டிய இடர்ப்பாடே அவ்வாற்றங்கரைத் தெருவினரை அன்று பிடித்திருந்தது.

மாங்காய்க் கிடங்கில் காய் தரம்பிரிக்கும் பிரதீபாவின் வீடு, அத்தெருவின் கடைசியில், கரையின் விளிம்பில் நின்றது. பெருவெள்ளம் அவளுடைய மாட்டுக்கொட்டிலைப் பெயர்த்துச் சென்றிருந்தது. இன்னொரு வெள்ளம் வந்தால் வீடே போகும். தடுப்புச்சுவர் எழுப்ப அரசு ஒதுக்கிய நிதியோ ஒரு கரைக்கே போதுமானது. இக்கரைக்கா, அக்கரைக்கா என்று உறுதி செய்யப் பொறியாளர் மறுநாட் காலையில் வரவிருந்தார். வெள்ளம் நின்ற உயரத்தை ஊராட்சியார் அந்நாளிலேயே வீட்டுச் சுவர்களில் செங்கோடாகத் தீட்டியிருந்தனர், அக்கோடுகளே சான்று.

வேலை முடிந்து திரும்பிய பிரதீபா, தன் வாயிலில் திகைத்து நின்றாள். காலையில் சன்னலுக்குக் கீழே கிடந்த கோடு, மாலையில் சன்னலுக்கு மேலே ஏறியிருந்தது. உள்ளே, பழைய சேற்றுக்கறை படிந்திருந்த சுவர் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று சிரித்தது. தெருவின் சார்பில் அலுவலகங்களுக்கு நடையாய் நடந்த ஆறுச்சாமி, சாயம் காயாத கையை வேட்டியில் துடைத்தபடி நின்றார்.

“ஏனுங்ணா, எங்கூட்டுல மட்டும் தண்ணி இன்னிக்குத்தான் ஏறுச்சுங்களா?”

“மெல்லப் பேசு அம்மிணி! எல்லா ஊட்டுலயும் ஏத்தியாச்சு. அக்கரைக்காரன் கழுத்தளவுன்னு சொல்லப் போறானாமா. நாம இடுப்பளவுன்னு சொன்னா செவுரு யாருக்குப் போகும்?”

“கண்டுபுடிச்சா என்னுங்ணா பண்றது?”

எதிர்வீட்டுப் பூவாத்தாள் சுண்ணாம்பு மட்டையை உதறியபடி குறுக்கிட்டாள்: “அக்கரையில பொறந்தவளல்லோ! பொறந்த ஊட்டுப் பாசம் பொத்துக்கிட்டு வருதாக்கும்.”

அச்சொல் முள்ளாய்த் தைத்தது. பிரதீபாவின் உள்ளத்தில் ஐயங்கள், கலைந்த கூட்டின் குளவிகளென ஒன்றன்பின் ஒன்றாய்க் கிளம்பின. சுவர் உயர்ந்தால், கட்டுமான ஒப்பந்தம் எடுக்கும் ஆறுச்சாமியின் மருமகனுக்கன்றோ ஊதியம் உயரும்? அக்கரையில் தன் அண்ணன் ரத்தினசாமியும் இவ்வேளையில் தூரிகையோடு நிற்கிறானோ? தான் வாய்திறந்தால், தன்னை விலைபோனவள் என்று இத்தெரு தூற்றாதோ? இவ்வாறு எல்லோரையும் ஐயுற்று, எல்லோராலும் ஐயுறப்பட்டு, வாய் மூடுவதே காப்பு என்று அவள் துணிந்தாள்.

மறுநாள் வந்த பொறியாளர் சோனா, மலையாளம் தாய்மொழியாயினும் பழகிய தமிழில் அளந்து பேசும் இளம்பெண். கோட்டையும் ஆற்றையும் மாறிமாறி நோக்கிய அவளுடைய கண்கள், இறுதியில் பிரதீபாவிடம் வந்து நின்றன.

“உண்மையாச் சொல்லுங்க சேச்சி. வெள்ளம் இது வரைக்கும் வந்துச்சா?”

பூவாத்தாளின் பார்வை முதுகில் ஊன்றியது.

“வந்துச்சுங்க.”

சோனா நெடிது பெருமூச்செறிந்தாள். “அப்படின்னா இங்க சுவர் கட்டறதுல பயனில்லை. இவ்வளவு வெள்ளம் ஏறினா சுவரையும் தாண்டித்தான் வரும். எல்லாரையும் மேட்டு நிலத்துக்கு மாத்தணும்னு எழுதறேன். சுவர் அக்கரைக்குப் போகட்டும்.”

“ஐயோ, அவ்வளவு தண்ணி வல்லீங்க மேடம்!” என்று ஆறுச்சாமி அலறினார். “இடுப்பளவுதானுங்க! கோட்டை நான்தான் ஏத்தினேன்!”

“இப்பத்தானே அவங்க வந்துச்சுன்னாங்க?”

“நான் சொன்னது பொய்யிங்க,” என்றாள் பிரதீபா. “சன்னலுக்குக் கீழதாங்க நின்னுது. என்ர ஊட்டை மட்டும் எடுத்துப் போடாதீங்க.”

“சரி. பழைய கறையைக் காட்டுங்க.”

காட்ட எந்தச் சுவரிலும் கறை எஞ்சியிருக்கவில்லை. வீடுதோறும் புகுந்து பார்த்து வெளியே வந்த சோனாவின் விரல்நுனிகளில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“சுவர் வேணும்னா ஒரு பேச்சு, வீடு போகும்னா இன்னொரு பேச்சு. நான் எதை நம்பறது? நிதியை நிறுத்தி வைக்கச் சொல்றேன். ஆடி மழைக்கு ஆறு வரட்டும். அது எங்க நிக்குதுன்னு நானே வந்து பார்க்கறேன்.”

ஊர்தி புழுதிக்குள் மறைந்தது. பூவாத்தாள் ஆறுச்சாமியையும், ஆறுச்சாமி பிரதீபாவையும் பார்க்க, மூவரும் தத்தம் வாயிலுக்குத் திரும்பினர்.

மாங்காய்க் காலம் ஓய்ந்தது. ஆனி பிறந்து, மலைமுகட்டில் கருமுகில் திரண்ட அந்தியில், பிரதீபா கரையின் விளிம்பில் நின்று, செந்நீராய்த் தடித்து வரும் ஆற்றை நோக்கினாள். வெள்ளம் வராதிருக்க வேண்டுமென்று வேண்ட அவளுக்கு நா எழவில்லை. வரட்டுமென்று வேண்டவும் நெஞ்சு துணியவில்லை. ஒருவரையொருவர் நம்பாத மாந்தர் தம் சொல்லைத் தாமே கொன்றபின், எந்த ஆற்றுக்கு அஞ்சிச் சுவர் கேட்டனரோ, அந்த ஆறு ஒன்றே அவர்களுக்காகப் பேச எஞ்சியிருந்தது. மலையில் மழை பிடித்துக்கொண்டது.